டெல்லிக்கு மட்டும் தெரிந்த ரோடு

“எந்த மடையன்மா அங்கன ரோடு இருக்குன்னு எழுதிக் கொடுத்தது? அவன் பேரை மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்!”

பொன்னுச்சாமி மேசையில் ஓங்கித் தட்டினார். உதவிப் பொறியாளர் கோகிலா டீ டம்ளரைத் தள்ளி வைத்தாள். கிராமச் சாலைகளைக் கவனிக்கும் அந்தச் சங்கரன்கோவில் அலுவலகத்துக்கு அவர் வருவது இது ஆறாவது தடவை. அவர் தட்டுவதும் அவள் டம்ளரைத் தள்ளுவதும் வழக்கமாகிப்போயிற்று.

“கத்தாதீங்க அண்ணாச்சி. நானும் ரெண்டு தடவை எழுதிட்டேன். டெல்லியில அமைச்சகத்து லிஸ்ட்டுல உங்க மருமகன் ஊருக்கு ஏற்கெனவே ரோடு இருக்குன்னு ஏறியிருக்கு. இருக்கிற ஊருக்கு எப்படிப் புதுசாப் போடுவாங்க?”

“இருக்கா? வந்து பாருங்கம்மா! பனவடலிசத்திரத்துல இருந்து உள்ள ரெண்டு மைலு. மழை பேஞ்சா முழங்கால் வரைக்கும் கரிசச் சகதி. போன வாரம் ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டுலயே நின்னுட்டு. கட்டிலோட தூக்கிட்டுப் போயிருக்காவ. அந்த ஊருக்கு என் பேரனை எந்த தைரியத்துல அனுப்புவேன்?”

அதுதான் விஷயம். மகள் முத்துமாரி தலைப்பிரசவத்துக்கு வாசுதேவநல்லூருக்கு வந்தவள். பிள்ளைக்கு ஐந்து மாதம் முடிந்தும் பொன்னுச்சாமி அவளை அனுப்பவில்லை. ரோடு வந்தால்தான் அனுப்புவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். பேரன் கண்ணெதிரே கிடப்பதில் தாத்தாவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷமும் உண்டு. அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். மருமகன் பேச்சிராஜா ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து, பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, சாயந்தரம் தனியாகத் திரும்பிப் போகிறான். பார்க்கவே பாவமாக இருக்கும்.

அந்தப் பேச்சிராஜா இப்போது மாமனாருக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். அவனைத் திரும்பிப் பார்த்ததும் பொன்னுச்சாமிக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

“ஊரு உம்ம ஊரு. பொண்டாட்டி பிள்ளை உமக்கு. நான் தொண்டை கிழியக் கத்துதேன், நீரு வாயில கொழுக்கட்டைய வச்ச மாதிரி நிக்கீரு. ரெண்டு வார்த்தை பேசும்வே!”

“விடுங்க மாமா. பஸ்ஸுக்கு நேரமாச்சு. போவமா?”

“ஒவ்வொரு தடவையும் இதத்தான் சொல்லுதாரு. கேட்டீங்களாம்மா? இவரை நம்பிப் பிள்ளையக் குடுத்தேன் பாருங்க, என்னையச் சொல்லணும்.”

பேச்சிராஜா தலையைக் குனிந்துகொண்டான். கோகிலாவுக்கே சங்கடமாகிவிட்டது.

“சரி, இருங்க. ஊருக்கு ரோடு இருக்கான்னு சர்வே எடுத்த தாளைக் கேட்டு மேல எழுதியிருந்தேன். காலையிலதான் மெயில்ல வந்திருக்கு. யாரு தகவல் சொன்னது, என்ன போட்டோ எடுத்தாங்க, எல்லாம் அதுல இருக்கும்.”

“திறங்கம்மா! அந்தப் பயலை இன்னைக்குப் பாத்திருதேன்.”

“அப்படிச் சொல்லாதீங்க, அவரு தயவு நமக்கு வேணும். ‘நான் சொன்னது தப்பு, மழைக்காலத்துல வண்டி வராது’ன்னு அவரு ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும். பழைய பதிவை மாத்தச் சொல்லி நான் மேல அனுப்பிருவேன்.”

“ஒரு லெட்டர்தானா? அதுக்கா ரெண்டு மாசமா நாய் மாதிரி அலையுதோம்? கையக் காலக் கட்டியாவது அவனைத் தூக்கிட்டு வாரேன். ஒரு ஊரு சனத்தையே சகதியில தள்ளிட்டு, எங்கன உக்காந்து சோறு திங்கானோ!”

பேச்சிராஜா சட்டென்று முன்னால் வந்து அவர் கையைப் பிடித்தான்.

“மாமா, அந்தத் தாளெல்லாம் எதுக்கு? மழை ஓயுற வரைக்கும் முத்துமாரி உங்க வீட்டுலயே இருக்கட்டும். நான் ஒண்ணும் கேக்கல. வாங்க, போவோம்.”

பொன்னுச்சாமி கையை உதறினார்.

“நீரு வெளிய போய் நில்லும். உமக்கு ரோஷம் இல்லன்னா எனக்கு இருக்கு.”

கோகிலா மெயிலைத் திறந்தாள். நெட் அன்றைக்குப் பார்த்து இழுத்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாகத் தாள் வந்ததும் படித்தாள்.

“போன வருஷம் சித்திரை மாசம் எடுத்திருக்காங்க. ‘நான்கு சக்கர வாகனம் ஊருக்குள் வருகிறதா? ஆம்.’ ஆதாரத்துக்கு ஒரு வேன் போட்டோ. பக்கத்துல நிக்கிறவருதான் தகவல்…”

அவள் திரையைப் பார்த்தாள். பொன்னுச்சாமியைப் பார்த்தாள். பிறகு மானிட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

வெயிலில் காய்ந்து கல்லாகக் கிடந்த கரிசல் மண்ணில், மாப்பிள்ளை வீடு பார்க்க வாசுதேவநல்லூர்ச் சொந்தங்களை ஏற்றி வந்த வெள்ளை வேன். அதன் கதவில் கையை ஊன்றிக்கொண்டு, ஜரிகை வேட்டியில், பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி நின்றார் பொன்னுச்சாமி. கீழே அவருடைய கையெழுத்து.

“சர்வேக்காரன் கேட்டதும், ‘நாங்க வந்த வேன் உன் கண்ணுக்குத் தெரியலையா’ன்னு நீங்கதான் சொன்னீங்க மாமா. மழைக்கு வராதுன்னு நான் அப்பவே சொல்ல வாயெடுத்தேன்” என்றான் பேச்சிராஜா, மெல்ல. “சொன்னா முத்துமாரியத் தரமாட்டீங்களோன்னு பயந்துட்டேன்.”