எல்லோர் பெட்டிக்கும் ஒரே சாவி

ஜெயசுதா கடைப்படி ஏறும்போதே சிவப்பிரகாசத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வந்துட்டா, மெயில் கேக்க.

தவளக்குப்பம் சந்திப்பில் பதினோரு வருஷமாக கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறார். பக்கத்து ஊர் அபிஷேகப்பாக்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இலவச மெயில் திறந்து கொடுத்தது அவர்தான். பாஸ்வேர்டு எல்லோருக்கும் ஒரே மாதிரி: பேர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று. மறந்துபோனால் மீட்பதற்கு ஒரு செல் நம்பர் கேட்கும். அந்த இடத்தில் தன் நம்பரையே போட்டுவிடுவார்.

ஒருத்தராவது அது யார் நம்பர் என்று கேட்டதுண்டா? கிடையாது. வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டுப் போகிற மக்குக் கூட்டம்.

வேலையில்லாத மத்தியானங்களில் ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பார். யாருக்கு எந்த ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்தது, யார் எங்கே பெண் கேட்டு போட்டோ அனுப்பினார்கள், எல்லாம் அத்துப்படி. இதுகளுக்கு ரகசியம் வேறு ஒரு கேடா என்பது அவர் கட்சி.

சொந்த அக்கா மகள் அர்ச்சனாவுக்கு அருண் சேவியர் என்கிற பையன் எழுதிய காதல் மெயிலைப் படித்து, அக்கா காதில் போட்டு வைத்ததும் அவர்தான். குடும்ப மானத்தைக் காப்பாற்றினாராம்.

அந்த அர்ச்சனாவும் ஜெயசுதாவும் ஒரே கல்லூரியில் லேப் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். இருப்பது ஒரே இடம். நாளைக்கு நேர்காணல்.

ஜெயசுதாவுக்கு வந்த அழைப்பை முந்தாநாள் டீ குடித்துக்கொண்டே அழித்துவிட்டார். அக்கா மகளுக்கு இந்த உதவிகூடச் செய்யாவிட்டால் எப்படி?

"இன்னாண்ணா, எனுக்கு எதுனா மெயில் வந்துதா?"

"ஒண்ணும் வர்ல. வந்தா நான் சொல்ல மாட்டனா?"

அவள் முகம் வாடும் என்று பார்த்தார். வாடவில்லை. வாட்ஸப்பில் ஒரு ஃபைல் அனுப்பியிருப்பதாகவும் மூன்று காப்பி வேண்டும் என்றும் சொன்னாள்.

இன்னொரு பயோடேட்டாவாக இருக்கும். இவளுக்கு வேறு என்ன தெரியும்? படித்துப் பார்க்காமலே பிரிண்ட் கொடுத்தார்.

மெஷின் ஓடுகிற நேரத்தில் செல்லை எடுத்தார். மீட்பு நம்பர் மாற்றப்பட்டது என்று காலையிலிருந்தே இரண்டு எச்சரிக்கை கிடந்தது. இருநூறு பேர் மெயிலுக்கும் எச்சரிக்கை அவருக்குத்தான் வந்து விழும். எதையென்று பார்ப்பது? இரண்டையும் தள்ளிவிட்டார்.

தாள்களை அடுக்கி ஸ்டேப்ளரை வைக்கும்போதுதான் முதல் பக்கம் கண்ணில் பட்டது.

அவர் அழித்த அதே அழைப்புக் கடிதம்.

அழித்த மெயில் குப்பைத்தொட்டியில் முப்பது நாள் அப்படியே கிடக்கும் என்பது, ஊருக்கே மெயில் திறந்து கொடுத்த மகாமேதைக்குத் தெரியாது.

இரண்டாவது பக்கத்தில் ஒரு பட்டியல். ஜெயசுதாவின் மெயிலுக்குள் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த ஊர் கம்ப்யூட்டரிலிருந்து யாரோ நுழைந்தார்கள் என்று வரிசையாக இருந்தது. ஒவ்வொரு வரியிலும் தவளக்குப்பம். மெயில் இதையெல்லாம் தானே எழுதி வைத்துக்கொள்ளும் என்பதும் அவருக்குத் தெரியாது.

மூன்றாவது பக்கம் போலீசுக்கு எழுதிய புகார். அவர் பேர், கடைப் பேர், செல் நம்பர், எதுவும் விடுபடவில்லை.

ஜெயசுதா தாளுக்காகக் கை நீட்டியபடி நின்றாள். இந்த மக்கு தனியாக இவ்வளவு செய்திருக்க முடியாது, எவனோ பின்னால் இருக்கிறான் என்று அவசரமாகக் கடைசி வரிக்குப் போனார்.

'இப்படிக்கு' என்பதற்குக் கீழே இரண்டு பெயர் இருந்தது.

இரண்டாவது ஜெயசுதா. முதல் பேர் அர்ச்சனா.