கெட்டி மை

"வட்டத்துக்கு ஏதுடா தலையும் வாலும்? ரொம்பப் புத்திசாலிங்கன்னு நெனப்பா?" என்று காகிதத்தை ஆட்டிக்கொண்டு கத்தினார் வட்டார அதிகாரி ஹொரியே.

கோயில் முற்றத்தில் நாற்பத்தாறு குடியானவர்கள் மண்டியிட்டிருந்தார்கள். அவர்கள் பெயர்கள் மனுவில் குடைக் கம்பிகள் மாதிரி வட்டமாக எழுதப்பட்டிருந்தன. பிரபுவிடம் நேரடியாக மனுக் கொடுப்பது குற்றம். கூட்டத்துக்குத் தலைவன் எவனோ, அவன் தலை போகும். முதலில் எழுதியவன் யாரென்று தெரியக் கூடாது என்றுதான் இந்த வட்டம்.

டோகுசோ மட்டும் பயப்படாமல் இருந்தான். அவன் அதிகாரியின் ஆள்.

ஆசைப்பட்டு ஆனவன் அல்ல. பிரபுவின் கோட்டைக்கு அகழி வெட்ட வீட்டுக்கு ஒரு பையனைப் பிடித்துப் போய் எட்டு மாதமாகிறது. இரண்டு பேர் சாம்பலாகத் திரும்பினார்கள். டோகுசோவின் ஒரே மகன் இவாமட்சு இருமலோடு மண் சுமக்கிறான் என்று சேதி வந்தது. அன்றைக்கே அவன் ஹொரியே வீட்டுப் பின்வாசலில் போய் நின்றான்.

"பிரபுவோட பல்லக்கைப் பாலத்துல மறிச்சு மனு கொடுக்கப் போறாங்க, ஐயா. எல்லாத்துக்கும் தலைவன் என் மச்சான் ஜின்பெய்தான். என் பையனை மட்டும் விட்டுடுங்க."

சொன்னது யாரை? மனைவியின் கூடப்பிறந்த அண்ணனை. அங்கிருந்து அவன் நேரே கையெழுத்துப் போடத்தான் போனான். மற்றவர்கள் எழுதி முடித்துக் கலைந்திருக்க, ஜின்பெய் மட்டும் காத்துக்கொண்டிருந்தான். "வாங்க மாப்ளே, உங்களுக்கு எடம் விட்டு வச்சிருக்கேன்" என்று பாயைத் தட்டிப் போட்டு, தன் கையாலேயே மைக்கட்டியைக் கல்லில் உரைத்துத் தூரிகையை நீட்டினான். அந்த மரியாதையில் டோகுசோவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பையன் முகம்தான் கண்ணில் நின்றது.

ஹொரியே பாலத்தில் இருபது சிப்பாய்களை நிறுத்தினார். மனுவோ, பாலத்துக்கு வெகு முன்னாலேயே, பைன் தோப்பில் ஒரு மூங்கில் கழியில் செருகி நடப்பட்டிருந்தது. பிரபுவே பல்லக்கை நிறுத்திப் படித்துவிட்டார். கடைசி நேரத்தில் மனம் மாறிவிட்டார்கள் போலிருக்கிறது என்று டோகுசோ நினைத்துக்கொண்டான்.

இப்போது கோட்டையிலிருந்து மந்திரியே வந்திருந்தார். அவர் தொண்டையைச் செருமினார்.

"பிரபு மனசு எளகிட்டாரு. உங்க பசங்க எல்லாரும் நாளைக்கே வீட்டுக்கு வரலாம்."

முற்றம் முழுவதும் ஒரே அழுகை. டோகுசோவும் அழுதான். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தாலே பையன் வந்திருப்பானே!

"ஆனா, சட்டம் சட்டம்தான். ஒரு தலை வேணும்."

பிரபுக்களின் கருணை அப்படித்தான். ஒரு கை கொடுக்கும்போது இன்னொரு கை வாளின் மேலேயே இருக்கும்.

டோகுசோ ஹொரியேயைப் பார்த்தான். அவர் ஜின்பெய் பேரைச் சொல்வார் என்று காத்திருந்தான். அவர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? முன்பே தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை என்று மந்திரி கேட்பார். அப்புறம் அவரே தண்டனையாகத் தன் வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மந்திரி காகிதத்தை வாங்கி வெயிலில் பிடித்தார். மெல்லச் சிரித்தார்.

"இதுல என்னய்யா கஷ்டம்? மை உரைச்சதும் மொதல்ல எழுதறவன் பேருதான் கெட்டியா விழும். அப்புறம் கஞ்சத்தனமா தண்ணிய ஊத்தி ஊத்தி நீட்டுவாங்க. பாரு, நாப்பத்தஞ்சு பேரு சாம்பல் மாதிரி வெளிறிக் கெடக்கு. ஒண்ணு மட்டும் கருகருன்னு இருக்கு. யாருடா டோகுசோ?"

"ஐயோ, நான் இல்லீங்க! நான்தான் கடைசியா எழுதினேன்! சத்தியமா!"

"கடைசியா எழுதினவன் மையா இது? இவன் சொல்றது நெசமாடா?"

நாற்பத்தைந்து தலைகள் மண்ணைப் பார்த்தன.

"ஐயா, நீங்களாவது சொல்லுங்க!" என்று ஹொரியேயின் காலைப் பிடித்தான் டோகுசோ. "நான் யாருன்னு உங்களுக்குத் தெரியுமே!"

ஹொரியே காலை உதறினார். "இவனை நான் பார்த்ததுகூட இல்லீங்க."

சிப்பாய்கள் கயிற்றோடு வந்தார்கள். ஜின்பெய் எழுந்து மந்திரியைக் கும்பிட்டான்.

"எங்க வீட்டு மாப்ளைங்க. ஒரு தடவை கட்டிப் புடிச்சுக்கறேன்."

மந்திரி தலையசைத்தார். ஜின்பெய் டோகுசோவை இறுக அணைத்துக்கொண்டான். அவன் கண்ணீர் டோகுசோவின் கழுத்தில் சூடாக விழுந்தது.

"இவாமட்சுவைப் பத்திக் கவலைப்படாதீங்க. தாய்மாமன் நான் இருக்கேன். தங்கச்சியையும் பாத்துக்கறேன்."

"மச்சான்… நீங்களாவது உண்மையச் சொல்லுங்க மச்சான்…"

ஜின்பெய் அவன் காதோடு வாய் வைத்து, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னான்.

"பாலம்னு நான் சொன்னது உங்க ஒருத்தர்கிட்டதான், மாப்ளே. புது மை உரைச்சதும் உங்க ஒருத்தருக்குத்தான்."