அக்கா மேனேஜர் ஆனாள்

பழைய மேனேஜர் ஓய்வு பெற்றுப் போன அன்று, அவரை வாசல்வரை கொண்டுபோய் விட ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. பள்ளிச் சீருடை தைக்கும் அந்த யூனிட்டே 'அப்பாடா' என்று மூச்சு விட்டது.

பின்னே என்ன? பள்ளிக்கூடம் திறக்கும் நேரம் வந்து ஆர்டர் மலை மாதிரி குவிந்துவிட்டால் மனிதர் ஆளே மாறிவிடுவார். ஒழுங்காகத் தைத்த காலரைக்கூட எடுத்துப் பிடித்து, இது காலரா கந்தல் துணியா என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார்.

அவர் இடத்துக்கு வந்தவள் பட்டன் ஓட்டை போடும் காஜா மிஷினில் தொடங்கிப் படிப்படியாக மேலே வந்தவள். வயதில் மூத்த கட்டிங் மாஸ்டர்கூட அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே, தன்னால் ஒருத்தரும் முகம் சுளிக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டாள்.

முதல் சீசன் வந்தது. வினையும் கூடவே வந்தது.

ஒரு கட்டுச் சட்டைகளில் காலர் கோணிப் போயிருந்தது. வெட்டினதுதான் கோணல் என்றாள் மூத்த டெய்லர். தைத்ததுதான் கோணல் என்றார் கட்டிங் மாஸ்டர். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அவர் பக்கம் ஒரு கூட்டம், இவள் பக்கம் ஒரு கூட்டம். சாப்பாட்டு மேஜைகூட இரண்டாகிப் போனது.

அக்கா இரண்டு பக்கமும் நடையாய் நடந்தாள். டீ வாங்கிக் கொடுத்தாள். அவரிடம் இதமாகப் பேசினால் இவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இவளைத் தட்டிக் கொடுத்தால் அவர் விறைத்துக்கொண்டார்.

ஒருநாள் காலையில் பாதி மிஷின்கள் ஓடாமல் நின்றன. விசாரித்தால், பாக்கெட் துணி வரவில்லையாம். அதுவோ வெட்டி அடுக்கி மாஸ்டர் மேஜைமேல் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தம்மா வாயைத் திறந்து கேட்டால் தருவேன் என்றாராம் மாஸ்டர். அவரிடம் போய்க் கேட்பதற்குச் சும்மா இருக்கலாம் என்றாளாம் டெய்லர்.

வாரக் கடைசிக்குள் சட்டைகள் போய்ச் சேராவிட்டால், அடுத்த வருஷம் அந்தப் பள்ளிகள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. யூனிட்டில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது.

அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். துணிக் கட்டைத் தூக்கி மேஜையில் ஓங்கிப் போட்டாள்.

"இங்க ஒருத்தருக்கும் வேலை தெரியாது. பழைய மேனேஜர் உங்களைத் திட்டினதுல தப்பே இல்ல. ஞாயித்துக்கிழமையும் எல்லாரும் வரணும். இஷ்டமில்லாதவங்க இப்பவே கெளம்பலாம்."

சொன்ன வேகத்தில் திரும்பி நடந்தாள்.

அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த மாஸ்டரின் வயசென்ன? அந்த டெய்லர் அவளைக் கைபிடித்து மிஷினில் உட்கார வைத்தவளாயிற்றே. நினைக்க நினைக்க அழுகையாக வந்தது. எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டியதுதான் என்று, மதியம் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் சாப்பிடும் அறைக்குப் போனாள்.

கதவருகிலேயே நின்றுவிட்டாள். உள்ளே ஒரே சிரிப்பு. மேஜைகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. மூத்த டெய்லர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அக்காவைப் போலவே பேசிக் காட்டினாள். சிரித்துச் சிரித்து மாஸ்டருக்குப் புரையேறியது. டெய்லர்தான் அவர் பக்கம் தண்ணீரை நகர்த்தினாள்.

"அக்காவாம் அக்கா," என்றார் மாஸ்டர் மூச்சு வாங்க. "நாற்காலி கெடைச்சதும் சுயரூபம் தெரிஞ்சுபோச்சு."

"விடுங்க மாஸ்டர்," என்றாள் டெய்லர். "சனிக்கிழமையே முடிச்சு அவ மேஜைல வெச்சிடுவோம். அப்புறம் எந்த ஞாயித்துக்கிழமைக்குக் கூப்பிடுறான்னு பாப்போம்."

"பாக்கெட் துணி அப்பவே உன் மிஷின்கிட்ட வெச்சாச்சும்மா."

அந்தச் சிரிப்பு அவளுக்குப் புதிதில்லை. அப்போதெல்லாம் இதே அறையில், பழைய மேனேஜர் மாதிரி நடித்துக் காட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் காலரை முறைக்கும் அழகைச் செய்து காட்டினால் மேஜையே குலுங்கும். ஒருத்தர் டப்பாவில் இன்னொருத்தர் கை இருக்கும். அந்த ஆள் மூக்கை உடைக்கவேண்டும் என்பதற்காகவே ஆர்டரை முன்னதாக முடிப்பார்கள். அவ்வளவு சந்தோஷமாக அவள் வேறெங்கும் இருந்ததில்லை.

இப்போதுதான் உறைத்தது. அவர் காரணமில்லாமல் கத்திய நாட்களுக்கெல்லாம் முந்தின நாள், யூனிட்டில் யாருக்காவது யாரோடாவது சண்டையாக இருந்திருக்கிறது. அவர் கத்தியதும் அந்தச் சண்டை மறந்துபோயிருக்கிறது.

மன்னிப்புக் கேட்காமலே, சத்தம் காட்டாமல் தன் அறைக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் பழைய மேனேஜருக்குப் போன் போட்டாள். சும்மாதான் கூப்பிட்டேன் சார் என்று மென்று விழுங்கினாள். நடந்ததில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் உடம்பு எப்படி, வீட்டில் எப்படி என்று விசாரித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"சீசனாச்சே. நம்ம ஆளுங்க ஒத்துமையா இருக்காங்களாம்மா?"

"இருக்காங்க சார். இன்னைக்கு எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாங்க."

அவர் குரல் தணிந்தது.

"அப்போ, நீ தனியா சாப்பிட்டியாம்மா?"