சாவிக்காரரின் தமிழ்

“அந்தச் சாக்கடை என் வார்டுல வராதும்மா” என்று மூன்றாவது கவுன்சிலரும் கைவிரித்துவிட்டார்.

தையல்காரம்மா கடைக்குத் திரும்பியபோது உள்ளே கணுக்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர். தைத்து அடுக்கியிருந்த பள்ளிச் சீருடைகள் அதில் மிதந்துகொண்டிருந்தன. பக்கத்துக் கடைச் சாவிக்காரர், தம் கடைக்குள் தண்ணீர் புகுந்ததையும் பாராமல், அவளுடைய தையல் மெஷினை மேசைமேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

“ஒரே தெரு அண்ணே. அதை மூணு துண்டாப் போட்டு மூணு வார்டுல சொருகி வெச்சிருக்காங்க. ஏன் தெரியுமா? எங்க ஆளுங்க ஒண்ணாச் சேந்து ஓட்டுப் போட்டா எங்கள்ல ஒருத்தர் உள்ளே போயிடுவாரு. அது இவங்களுக்குப் பொறுக்காது.”

அவள் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. அந்தத் தெருவில் பெரும்பாலோர் அவள் இனத்தார். ஊரின் மற்ற இடமெல்லாம் வேறு இனத்தார். தேர்தலுக்குத் தேர்தல் மூன்று கவுன்சிலர்களும் அங்கே கைகூப்பியபடி எழுந்தருளுவார்கள். சாக்கடை பொங்கும் நாளில் ஒருவருடைய தரிசனமும் கிட்டாது.

“விடும்மா. நாம போய்க் கேப்போம்” என்றார் சாவிக்காரர்.

அவர் அந்த வேறு இனத்தைச் சேர்ந்தவர். தெருக்கோடியில் இருக்கும் அவருடைய ஆட்களின் வீடுகளைக் விரல்விட்டு எண்ணிவிடலாம். தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒன்றே ஒன்றுதான் இத்தனை வருஷமாகப் பிடிபடவில்லை. அவர் தாய்மொழியில் ‘நாம’, ‘நாங்க’ இரண்டுக்கும் ஒரே சொல். ஆகையால் அவருக்கு எல்லாமே ‘நாம’தான்.

“நேத்து நாம மச்சான் கல்யாணத்துக்குப் போயிருந்தோம்” என்பார்.

“நான் எப்ப அண்ணே வந்தேன்? எனக்கு யாரும் இலை போடலையே” என்பாள் தையல்காரம்மா. “கேக்கிறவங்களையும் சேத்துக்கிட்டா ‘நாம’. வெளியே நிறுத்திட்டா ‘நாங்க’. எத்தனை தடவை சொல்றது?”

“எந்தப் பூட்டையும் திறந்துடுறேன். இது மட்டும் எனக்குத் திறக்க மாட்டேங்குது” என்று அவர் சிரிப்பார்.

வார்டு எல்லைகளைத் திருத்துவதற்கான விசாரணை நகரசபை மண்டபத்தில் நடந்தது. தையல்காரம்மா எழுந்து நின்றாள்.

“மழை பேஞ்சா எங்க வீட்டுக்குள்ள சாக்கடை. அவரைக் கேட்டா இவர் வார்டுங்கிறார், இவரைக் கேட்டா அவர் வார்டுங்கிறார். வரி வாங்கும்போது மட்டும் எந்த வார்டுன்னு யாருக்கும் சந்தேகம் வரலை. நாங்க யார்கிட்ட போய்க் கேக்கணும்?”

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உங்க இனத்துக்கு ஒரு நாற்காலி வேணும். அதுக்குச் சாக்கடை ஒரு சாக்கு. அந்தத் தெருவுல மத்தவங்களும் இருக்காங்களேம்மா, அவங்கள்ல யாராவது இதைக் கேட்டாங்களா?”

“நான் கேக்கிறேன் சார்.”

பின்வரிசையில் சாவிக்காரர் எழுந்து நின்றார்.

“சாக்கடை இனம் பாத்து வரலை. என் கடைக்குள்ளேயும்தான் வருது. தெரு ஒண்ணு, வார்டும் ஒண்ணா இருக்கட்டும். அதைத்தான் நாம எல்லாரும் கேக்கிறோம்.”

அவருடைய இனத்தார் இருந்த பக்கத்திலிருந்து, “சொந்த இனத்தையே வித்துட்டான்” என்று ஒரு குரல் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பிறகு அவருடைய ஆட்கள் அவர் கடைப் படியேறவில்லை. உடன்பிறந்த தம்பியே தன் கடைப் பூட்டை வேறொருவரிடம் கொண்டுபோனான்.

“என்ன அண்ணே, கடை காத்தாடுது?” என்று ஒருநாள் கேட்டாள் தையல்காரம்மா.

“இப்பல்லாம் பூட்டுத் தரமா வருதும்மா. கெட்டே போறதில்லை” என்றார்.

தெரு ஒரே வார்டாயிற்று. கவுன்சிலர் தேர்தலுக்கு நாள் குறித்தார்கள். யாரை நிறுத்துவது என்று முடிவு செய்யத் தையல்காரம்மாவின் கடையிலேயே கூட்டம் கூடியது.

“ஜெயிச்ச கையோட புதுச் சாக்கடை போடணும் அண்ணி” என்றான் அவளுடைய கொழுந்தன். “நம்ம வீடுங்க இருக்கிற பக்கத்துல ஆரம்பிப்போம். கோடியில இருக்கிற அவங்க வீடுங்களை அப்புறம் பாத்துக்கலாம். இத்தனை நாளு அவங்க ஆளுங்கதானே ஆண்டாங்க.”

எல்லாரும் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள்.

அந்நேரத்தில் சாவிக்காரர் தம் கடை முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

“அப்போ நாம யாரை நிறுத்துறோம்?”

ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். கொழுந்தன் தொண்டையைக் கனைத்தான்.

“நீங்களே சொல்லிடுங்க அண்ணி.”

தையல்காரம்மா கழுத்தில் கிடந்த அளவு நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இது எங்க விஷயம். நாங்க பேசி முடிச்சிட்டு உங்களுக்குச் சொல்றோம்.”

சாவிக்காரர் முக்காலியைக் கீழே வைக்கவே இல்லை. பிறகு, பூட்டின் துளையில் சாவி சரியாக விழுந்ததைக் காதால் கேட்டவரைப் போல, மெல்லத் தலையசைத்தார்.

“கோடியில கொஞ்சம் பேருதான் இருக்கோம்மா” என்றார். “இனிமே நாங்க யார்கிட்ட போய்க் கேக்கணும்?”

இத்தனை வருஷமாக அவர் தமிழைத் திருத்தி வந்தவளுக்கு, இப்போது அதில் திருத்த ஒரு பிழையும் இல்லை.