முன்பக்கப் படம்

எல்லோரும் போனிலேயே கார் பார்க்கத் தொடங்கிவிட்டதால், தன் கார் பத்திரிகைக்கு மூடுவிழா நடத்த முடிவு செய்தார் ஆசிரியர் நந்தகோபால். மிச்சமிருந்த சந்தாதாரர்களில் பாதிப் பேர் சுருளிப்பட்டியில் இருந்தார்கள். நேரில் போய் நன்றி சொல்லிவிடலாம் என்று சென்னையிலிருந்து பஸ் ஏறினார்.

"புக்கை நிறுத்தப் போறதாச் சொன்னாகளே! எங்க பொழப்பே போச்சுய்யா" என்று கையைப் பிடித்துக்கொண்டார் சந்தாதாரர் வேல்பாண்டி.

நந்தகோபாலுக்குக் கண் கலங்கியது. ஒரு காலத்தில் நடுப்பக்கப் படத்துக்காகக் கல்லூரி விடுதிகளில் சட்டை கிழியும். அந்த வெறி இங்கேதான் மிச்சமிருக்கிறதா?

"பத்திரிகையில உங்களுக்கு எது பிடிக்கும்?"

"படந்தான். ஆனா போன மாசம் காரோட பின்பக்கத்தைப் போட்டுட்டீக. பெரிய நட்டம்!" என்று பொரிந்தாள் அவர் மனைவி யுவராணி.

"நட்டமா?"

"இங்கன வாங்க" என்று திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார் வேல்பாண்டி. பந்தல் முழுக்கப் பத்திரிகையின் வழவழப்பான பக்கங்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு ஹெட்லைட்டுகள் முறைத்தன.

"கண்ணை உருட்டிப் பாக்குதுன்னு ஒரு கிளி அண்டாதுய்யா. இதை விட்டுட்டு, போனையா கட்டித் தொங்கவிட முடியும்?"

நந்தகோபால் அங்கிருந்தே ஆபீசுக்குப் போன் போட்டார்.

"நிறுத்த வேண்டாம், அச்சடிங்க. அடுத்த மாசம் அட்டையில லாரி. கண்ணு பெருசா இருக்கணும்!"