கரும்பின் முன்பக்கம்

“முன்னாடி நீங்கதான் புடிக்கணும் மேஸ்திரி. நீங்க இல்லன்னா இந்தப் புள்ள ஏது?”

தேரடியில் நாலு பேர் காதுபட, கையெடுத்துக் கும்பிட்டபடி சொன்னாள் பொன்னி. கட்டட மேஸ்திரி ராஜமாணிக்கத்துக்குக் கார்த்திகைக் குளிரிலும் குப்பென்று வேர்த்தது. பக்கத்தில் நின்றது அவர் சம்சாரம் தமிழ்செல்வி.

தீபத் திருவிழாவில், வேண்டிப் பிள்ளை பெற்றவர்கள் கரும்பில் சேலைத் தொட்டில் கட்டி, குழந்தையோடு மாடவீதி சுற்றுவார்கள். கரும்பை முன்னால் அப்பன் பிடிப்பான், பின்னால் அம்மா. பொன்னிக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை இது.

“இன்னாய்யா சொல்றா இவ?” தமிழ்செல்வியின் குரல் தாழ்ந்திருந்தது. அந்தக் குரல் வந்தால் அன்றைக்கு வீட்டில் உலை ஏறாது.

“எனக்கின்னாடி தெரியும்? அண்ணாமலையார் மேல சத்தியம்!”

“வேலைக்கு ஆள் கூப்புடறேன்னு மாசா மாசம் இவ ஊரு கீழ்பென்னாத்தூருக்குப் போனியே. ஆளத்தான் கூப்டியா?”

பூக்காரி ஒருத்தி தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். “மூக்கு அப்படியே மேஸ்திரிதான்” என்றாள், யாரும் கேட்காமலே.

அதற்குள் பொன்னியின் புருஷன் வேடியப்பன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். சனம் ஆசையோடு விலகி, அடிதடிக்கு இடம் விட்டது.

“நீ பெங்களூருல இல்ல இருந்த?” பூக்காரி விடவில்லை.

“அது அப்பக்கா. இப்ப இங்க மண்டியில மூட்ட தூக்குறேன்” என்றவன், நேராக வந்து கரும்பின் முன்நுனியை எடுத்து ராஜமாணிக்கத்தின் தோளில் வைத்தான். “புடிங்க மேஸ்திரி.”

“யோவ், அப்பன் நீ குத்துக்கல்லாட்டம் நிக்கும்போது நான் எதுக்குய்யா? என் குடும்பத்தக் கெடுத்துடாத!”

தமிழ்செல்வி அவரைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். கழுத்துத் தாலிச் சரடு அவள் விரலில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது.

“நீ சொல்லு தம்பி. இந்த மனுஷன் அப்படி இன்னா செஞ்சாரு?”

வேடியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அவரோட பெங்களூரு கட்டட வேலைய வுட்டு என்னத் தொரத்துனாருக்கா. கல்யாணமானதுலேர்ந்து அப்பதான் சேர்ந்தாப்புல ஒரு மாசம் நான் வூட்ல இருந்தேன்!”