புகை குடிக்கும் மரங்கள்

நாச்சியாபுரம் கண்மாய்க்கு மேற்கே, ஊர் ஆடுகள் மேயும் பொட்டலில் பத்து மணி வெயில் விழுகிறது. கறுப்புப் பைகளில் தைலமரக் கன்றுகள் வரிசையாக நிற்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் அதிகாரி தொப்பியால் விசிறிக்கொண்டே ஆங்கிலத்தில் பேசுகிறார். ஜெரினா டீச்சர் அதை ஊராருக்குத் தமிழில் சொல்கிறார். "அவுக நாட்டு ஆலைப் புகையில உலகமே சூடாகுதாம். அந்தப் புகையைக் குடிக்க இங்குட்டு மரம் வைக்கப் போறாக. பத்து வருசத்துக்கு ஆடு மாடு உள்ள வரக்கூடாதாம்." நாற்பது ஆடு வைத்திருக்கும் முத்தழகு எழுந்து நிற்கிறாள். "அவுக ஆலையை அவுக மூட வேண்டியதுதான டீச்சர்? எங்க ஆடு எதுக்குப் பட்டினி கெடக்கணும்?" கூட்டத்தை ஏற்பாடு செய்த வனத்துறை வனவர் டீச்சரின் பக்கம் குனிகிறார். "சந்தோசம்னு சொல்றாகன்னு சொல்லிருங்க." ஜெரினா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார். பிறகு முத்தழகு கேட்டதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் கேட்கிறார். தொப்பி விசிறுவது நின்றுபோகிறது. அதிகாரி தரையைப் பார்த்தபடி தணிந்த குரலில் பதில் சொல்கிறார். "ஆலையை மூடுனா அங்குட்டு ஆளுற கட்சிக்கு ஓட்டு விழாதாம்," என்கிறார் ஜெரினா. "அதான் நம்ம ஊருக்கு வந்திருக்காக." கண்மாய்ப் பக்கமிருந்து ஆட்டுமணிச் சத்தம் மட்டும் வருகிறது. வனவர் அவசரமாக அதிகாரியின் கையில் ஒரு கன்றைக் கொடுத்து, போட்டோக்காரரை முன்னால் வரச் சொல்கிறார். முத்தழகு அவர்களைத் தாண்டி நடந்துபோய், முதல் கன்றுக்காக வெட்டிவைத்திருக்கும் குழிக்குள் இரண்டு கால்களையும் இறக்கி உட்கார்ந்துகொள்கிறாள்.